தூங்குமூஞ்சி மரத்தைப் பெயர்த்த சனிக்கிழமை

கிள்ளானில் என் அக்கா குடியிருக்கும் வரிசையில் பதினொரு வீடுகள். பதினொன்றிலும் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் பத்துச் சமையலறைகள் இறங்கிவிட்டன. அந்தப் பகுதி மண் அப்படி. மேலே கெட்டியாகத் தெரியும், இரண்டடி தோண்டினால் சேறு. பழைய வீடு ஆழமான தூண்களில் நிற்கிறது. பின்னால் ஒட்டிய சமையலறை மண்ணின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மண் அமுங்க அமுங்க அதுவும் கூடவே இறங்குகிறது. நான்காம் வீட்டுச் சுவர் வெடிப்பில் என் விரல்கள் நான்கும் நுழைந்தன. ஏழாம் வீட்டில் வாணலியை அடுப்பில் வைத்தால் எண்ணெய் ஒரு பக்கமே தேங்குவதாக அந்த வீட்டு அம்மா வைத்துக் காட்டினார்.

பதினொன்றாவது, ஓரத்து வீடு அக்காவுடையது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் செய்த வேலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் இந்தச் சமையலறையைப் பற்றிப் பேசுவார். யார் வந்தாலும் பின்பக்கம் அழைத்துப் போய்ச் சுவரைத் தட்டிக் காட்டுவார். "நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து தூங்காம கூட நின்னு கட்டுனேன். கட்டிக் கொடுத்த அந்த சீனத் தவுக்கேயும் நல்ல மனுஷன். கம்பியில கை வைக்கல, சிமெண்ட்ல கை வைக்கல. பாரு, இருபது வருஷமாச்சு." நானே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறையும் மறுத்துச் சொல்லத் தோன்றியதில்லை. சுவர் நேராக இருந்தது. அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டை ஒட்டி ஒரு திடல். திடலின் ஓரத்தில், அக்காவின் சமையலறைச் சுவரிலிருந்து என் காலடியில் ஏழு அடி தள்ளி, அந்தத் தூங்குமூஞ்சி மரம் நின்றது. மாலையில் இலை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்பார்கள். அடிமரத்தை ஒருநாள் அக்காவின் தையல் டேப்பால் அளந்தேன். முழு டேப்பையும் மூன்று முறை அடுத்தடுத்து வைத்த பிறகும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. மரத்தடியில் முனீஸ்வரர் கோயில். கோயில் என்றால் ஒரு சூலம், ஒரு கல், மேலே தகரக் கூரை, சுற்றிலும் ஓடு பதித்த மேடை. வருடத்தில் ஒருநாள் திருவிழா. திருவிழாவுக்கு முன் யாராவது ஒருவர் வேண்டுதலாக மேடைக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசித் தருவார். அடுத்த சில வருடத்தில் இன்னொருவர் அதன்மேல் ஓடு பதிப்பார். பிறகு அதற்கும் மேலே வேறொருவர். பழையதைப் பெயர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அதுவும் ஒருவரின் வேண்டுதல்தானே. மேடை உயர்ந்தது. அடிமரம் ஒவ்வொரு முறையும் சிமெண்டுக்குள் இன்னும் கொஞ்சம் முங்கியது.

சென்ற ஆண்டு அடிமரத்தில் பழுப்பு நிறக் காளான் வந்தது. இட்லித் தட்டு அளவில், அடுக்கடுக்காக, மரத்தைப் போலவே கெட்டியாக. அதே ஆண்டின் இறுதியில் ஒரு மழை மாலையில் ஒரு கிளை முறிந்து அக்காவின் வேலிமேல் விழுந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் தலைநகரில் மரம் விழுந்து நசுங்கிய கார்களின் படங்கள் எனக்கு வரும். இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்புவேன். அன்று மாலை என் கைப்பேசிக்கு வந்த படம் அக்காவின் வேலி. அதற்கு எனக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

நகராண்மைக் கழகத்திலிருந்து வந்து பார்த்தவர் மரத்தை ஒரு சுத்தியலால் தட்டினார். ஒரு பக்கம் மரச்சத்தம் வந்தது. இன்னொரு பக்கம் பானைச்சத்தம் வந்தது. சிவப்புச் சாயத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

மரம் போகவேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. கோயில் செயற்குழு முறைப்படி பூசை செய்து சூலத்தையும் கல்லையும் திடலின் மறுமூலைக்கு மாற்றிவிட்டது. சண்டை வந்தது அக்காவுக்கும் அவருடைய மகனுக்கும் இடையில்.

அவன் ஜொகூர் பாருவில் இருக்கிறான். அம்மா தனியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. அக்காவின் கணவர் இறந்த பிறகு நான்கு ஆண்டுகளாகக் கூப்பிடுகிறான். அக்கா போகவில்லை. மரத்தை வேரோடு எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய மரத்தின் வேர் சமையலறைக்கு அடியில் போகாமல் இருக்காது, மிஷின் இழுத்தால் தரை கூடவே வரும் என்றான். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். அக்கா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தரை வெடிச்சா என்னம்மா செய்வ?"

"வெடிக்காது. தவுக்கே போட்ட தரை."

"வெடிச்சா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "சரிடா. தரை போச்சுன்னா வரேன். நீ லோரி எடுத்துட்டு வா, நான் ஏறிக்கிறேன். போகலன்னா, இனிமே அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. மாமா சாட்சி."

மாமா என்றது என்னை. "மாமா, பாத்து உண்மையைச் சொல்லணும்" என்றான் அவன். சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரம் ரம்பக்காரர்கள் வந்து மூன்று நாள் கிளைகளை இறக்கினார்கள். மூன்றாம் நாள் மாலை திடலில் வெயில் விழுந்தது. அந்த இடத்தில் நான் வெயிலைப் பார்த்தது அதுவே முதல்முறை. ஆனால் அடிமரத்தை அவர்கள் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பாதி வேலை செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று என்னிடம் குறைபட்டார்.

சனிக்கிழமை காலை ஒரு நீண்ட தாழ்வான லோரியில் எக்ஸ்கவேட்டர் வந்தது. மஞ்சள் நிறம், சங்கிலிச் சக்கரம், கை மடித்த நிலையில். அதை ஓட்ட வந்தவர் காஜாங்கிலிருந்து வந்த தமிழர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பருமனான உடம்பு, காலில் மெல்லிய ஜப்பான் செருப்பு. கூடவே ஓர் இந்தோனேசியர், வயதில் மூத்தவர், ரம்பமும் எஃகு வடமும் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் அவரை 'பா' என்று அழைத்தார். அப்பாவுக்கான மலாய்ச் சொல்லின் பாதி அது.

செயற்குழுவினர் சங்கிலிச் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அடிமரத்தின் முன் சூடம் காட்டினார்கள். ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு ஏறி அமர்ந்து இரண்டு பழங்களையும் நசுக்கிக்கொண்டு மரத்தை நோக்கி வந்து நின்றார்.

அக்கா வேலியோரம் நின்றபடி கேட்டார். "ஏன் இவ்ளோ உயரமா விட்டு வச்சிருக்கீங்க? அடியோட வெட்டியிருந்தா உங்களுக்குத்தானே சுலபம்."

"நான்தான் விடச் சொன்னேன், அக்கா. அடியோட வெட்டிட்டா நான் எதைப் பிடிச்சு இழுக்கிறது? நீங்க நர்ஸ்னு இந்த அண்ணே சொன்னாரு. பல்லு புடுங்கணும்னா மேல பல்லு இருக்கணும் லா."

"பல்லு டாக்டர்தான் பல்லு புடுங்குவாரு. நான் குழந்தை பொறக்கிற வார்டு."

"அதுவும் இழுக்கிற வேலைதானே, அக்கா."

அக்கா சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது.

முதல் வேலை மேடை. ஓட்டுநர் மண் அள்ளும் பக்கெட்டின் ஓரப் பல்லை மட்டும் மேடையின் விளிம்பில் செருகித் தூக்கினார். மேடை ஒரே துண்டாக வந்து உடைந்தது. உடைந்த முகத்தை எல்லோரும் குனிந்து பார்த்தோம். மேலே வெள்ளைக் கிரானைட் ஓடு. அதற்குக் கீழே சிமெண்ட். பிறகு பச்சை மொசைக். மறுபடி சிமெண்ட். சிவப்பு ஓடு. அதற்கும் கீழே கையால் பூசிய பழைய சிமெண்ட், அதில் காயும் முன்பே மிதித்த யாரோ ஒருவரின் பாதத் தடம். எண்ணிப் பார்த்தேன், ஆறு அடுக்கு. அக்காவின் முழங்கை நீளத்துக்குக் கனம். பக்கத்தில் அடிமரத்தின் பட்டை அழுகிக் கையோடு உரிந்துவந்தது. வேர் தொடங்குகிற கழுத்து மூச்சு விட இடம் இல்லாமல் ஈரத்திலேயே கிடந்திருக்கிறது.

செயற்குழுவில் ஒருவர் அந்தச் சிவப்பு ஓட்டைத் தொட்டார். "இது எங்க அம்மா போட்டது. எனக்கு வேலை கெடைச்சப்ப" என்றார். பத்திரிகையில் இத்தனை ஆண்டுகள் காரணம் தேடி எழுதியிருக்கிறேன். அன்பாலேயே ஒரு மரம் இப்படி அடுக்கடுக்காக மூடப்பட்டதை ஒரே பார்வையில் கண்டது அன்றுதான். ஓட்டுநர் துண்டுகளை உடைக்காமல் எடுத்து அக்காவின் வேலிக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினார்.

பிறகு அவர் மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுக்க ஆரம்பித்தார். இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

எக்ஸ்கவேட்டரைச் சாலையோரங்களில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம். அது முரட்டு மிஷின் என்பதே என் எண்ணம். அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கை மண்ணுக்குள் போகும், ஓரிடத்தில் தயங்கும். ஓட்டுநர் தலையைச் சற்றுச் சாய்ப்பார். உள்ளே இருப்பது வெறும் மண் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். பக்கெட்டை வெளியே எடுத்து, அதன் முதுகால் மண்ணை வழித்துத் தள்ளுவார். வேர் தெரியும். தொடை பருமன், சிலது இடுப்புப் பருமன். பா இறங்கி வேரைத் துடைத்து ரம்பத்தால் அறுப்பார். அறுத்த முகம் ஓரத்தில் மஞ்சளாகவும் நடுவில் கறுத்த பழுப்பாகவும் ஈரத்தோடு மின்னியது.

தேநீர் நேரத்தில் கேட்டேன், உள்ளே வேர் இருப்பது எப்படித் தெரிகிறது என்று.

"கைக்கு வரும், அண்ணே. லீவர்ல ஒரு சின்ன நடுக்கம். பத்து வருஷம் எஸ்டேட்ல செம்பனை மரம் தள்ளினேன். செம்பனைக்கு வேரு தலைமுடி மாதிரி. தள்ளுனா பொத்துன்னு வந்திரும். இது அப்படி இல்ல. இது கை மாதிரி பிடிச்சிருக்கும். ஒவ்வொரு விரலா எடுக்கணும்."

மதியத்துக்குள் திடல் பக்கம் மூன்று திசையிலும் விரல்களை எடுத்துவிட்டார். மீதி இருந்தது அக்காவின் பக்கம்.

அந்தப் பக்கம் மிஷின் போக இடம் இல்லை. சமையலறைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடை, வேலி, அவ்வளவுதான். மரத்தை வீட்டுப் பக்கம் தள்ளவும் முடியாது. ஒரே வழி, திடலில் நின்று வடத்தால் மரத்தைத் தன் பக்கம் சாய்ப்பது. சாய்த்தால் வீட்டுப் பக்கத்து வேர்கள்தான் முதலில் மேலே எழும். அவற்றில் ஏதாவது தரைக்கு அடியில் போயிருந்தால் தரையும் எழும்.

ஓட்டுநர் சமையலறைக்குள் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். குதிகாலால் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு பெரிய தட்டு இருக்கா? எவர்சில்வர்."

அக்கா பொங்கலுக்கு வைக்கும் தாம்பாளத்தை எடுத்துவந்தார். அதைத் தரை நடுவில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஓட்டுநர்.

"நான் இழுக்கிறப்ப இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டே இருக்கணும். மிஷின் சத்தத்துக்குச் சின்னச் சின்னக் கோடு வரும், அதை விட்டிருங்க. தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கினா மட்டும் கத்துங்க. ஆனா உள்ள நிக்காதீங்க. பழைய வீட்டு வாசப்படியில நின்னு பாருங்க."

"நான் பாக்கிறேன்" என்றார் அக்கா.

"நீங்க வேணாம், அக்கா. உங்களுக்கு ஆசை இருக்கு. ஒதுங்கினாலும் ஒதுங்கலன்னு சொல்லிருவீங்க. அண்ணே பாக்கட்டும்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். விலகி எனக்கு வழிவிட்டார்.

அப்படித்தான் நான் பழைய வீட்டின் பின்வாசற்படியில் நின்றேன். கண் தாம்பாளத்தில். அக்கா என் முதுகுக்குப் பின்னால், என் சட்டையைப் பிடித்தபடி. சன்னல் வழியாக மரத்தின் மேல்பாதியும் அதில் கட்டிய வடமும் தெரிந்தன. மிஷின் உறுமியது. தண்ணீரில் மெல்லிய வட்டக் கோடுகள் வந்து விளிம்பில் மோதித் திரும்பின. வடம் விறைத்தது. மரம் அசையவில்லை. சத்தம் தாழ்ந்தது, மறுபடி ஏறியது. கோடுகள் நெருங்கின.

பிறகு கோடுகள் கலைந்தன. தண்ணீர் முழுதாக, ஓசையில்லாமல், எங்களை நோக்கி வந்தது. எங்கள் பக்க விளிம்பில் வழிந்து தரையில் ஓடியது. மரத்துப் பக்கம் தட்டின் உள்ஓரம் ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்து பளபளத்தது.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா என் தோளுக்கு மேலாகக் கத்தினார். அது வார்டில் கத்திப் பழகிய குரல். மிஷின் நின்றது. வடம் தளர்ந்தது. தண்ணீர் மெதுவாகத் தட்டின் நடுவுக்குத் திரும்பியது.

அக்கா சட்டையை விடவில்லை. "ஒடைஞ்சிருச்சா?"

தரையைப் பார்த்தேன். ஓடுகளில் கீறல் இல்லை. மேலே போய் இறங்கியிருக்கிறது, உடையவில்லை. அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை, தானே குனிந்து பார்த்தார்.

பா சாக்கடையோரம் இறங்கி மண்வெட்டியால் தோண்டினார். ஓட்டுநரும் இறங்கி அவருடன் சேர்ந்துகொண்டார். அரைமணி நேரம் தோண்டினார்கள். பிறகு பா "தெங்கோக்" என்றார், பார் என்று அர்த்தம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நானும் அக்காவும் வேலியைச் சுற்றிப் போனோம்.

சமையலறைத் தரையின் ஓரம் வெளியே தெரிந்தது, நான்கு விரல் கனச் சிமெண்ட். அதற்குக் கீழே மண் இருக்கவேண்டும். இல்லை. இருட்டுதான் இருந்தது. ஓட்டுநர் கைப்பேசி விளக்கை அடித்தார். மண் எப்போதோ கீழே இறங்கிப் போய்விட்டது. தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு பூனை நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் குறுக்கே, மரத்திலிருந்து புறப்பட்டுப் பழைய வீட்டை நோக்கி, ஒரு வேர் போனது. உருண்டையாக இல்லை. பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தினதுபோலத் தட்டையாக, என் இடுப்பளவு உயரமாக, பாதி மண்ணுக்குள்ளும் பாதி மேலேயும். அதன் மேல்முகத்தில் தரை உட்கார்ந்திருந்தது. சிமெண்டின் அடிப்புறச் சொரசொரப்பு வேரின் பட்டையில் அப்படியே பதிந்திருந்தது.

கம்பியும் தெரிந்தது. மெல்லிய கம்பி, முழத்துக்கு ஒன்றாக, தூரத் தூரத்தில்.

"தூணு எங்க?" என்று கேட்டார் அக்கா.

"தூணு இல்ல, அக்கா."

"தவுக்கே போட்டேன்னு சொன்னாரே."

ஓட்டுநர் விளக்கை வேரின்மேல் ஒருமுறை நீளமாக ஓட்டிக் காட்டினார்.

நான் அந்த வரிசையின் பத்துச் சமையலறைகளையும் நினைத்துக்கொண்டேன். பதினொன்றிலும் ஒரே மண், ஒரே மாதிரி வேலை. பதினொன்றாவதை மட்டும் இத்தனை வருடமும் ஒன்று தாங்கிப் பிடித்திருந்தது. வேலிமேல் கிளையைப் போட்டது, இரவு மழையில் அக்காவைத் தூங்கவிடாமல் வைத்தது, சிவப்புக் கோடு வாங்கியது, எல்லாம் இந்த மரம்தான். அக்கா சமைத்த ஒவ்வொரு வேளைச் சோறும் இதன் வேர்மேல் நின்று சமைத்தது. அந்த இடத்தில் நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஒன்றும் எழுதாமல் திரும்பப் பையில் வைத்தேன்.

அக்கா சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாகத் தட்டிக் காட்டிய சுவர் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அப்ப என் பையன் சொன்னதுதான் சரி" என்றார். "வேரை இழுத்தா தரை வரும். அறுத்தா தரை எறங்கும். ரெண்டுல எதுன்னாலும் நான் லோரி ஏறணும்."

ஓட்டுநர் அவர் பக்கத்தில் குந்தினார். "அறுக்கிறதுக்கு முன்ன முட்டு கொடுத்துட்டா எறங்காது. ரெண்டு பக்கமும் கல்லை அடுக்கி இறுக்கி வச்சிட்டு, வெளிப்பக்கமா மட்டும் அறுப்போம். உள்ள இருக்கிற வேரு உள்ளேயே இருக்கட்டும். தட்டையான கல்லு வேணும். கனமா."

சொல்லிவிட்டு, வேலியோரம் தானே அடுக்கிவைத்த மேடைத் துண்டுகளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தட்டையாகவும் கனமாகவும் அங்கே அவைதான் இருந்தன.

அக்கா வேகமாகத் தலையசைத்தார். "அது சாமி இருந்த இடம். அதை அடியில போட்டு மேல நான் மீன் கொழம்பு வைக்கிறதா?"

இதற்கு மிஷினிலோ ரம்பத்திலோ விடை இல்லை. சிவப்பு ஓட்டைத் தொட்டுப் பார்த்த செயற்குழுக்காரர் திடலில் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வேலிப் பக்கம் வந்தார்.

"அக்கா, நம்ம முனியாண்டிக்குப் படையல்ல என்ன வைக்கிறோம்? கோழி வைக்கிறோம், முட்டை வைக்கிறோம், சுருட்டு வைக்கிறோம், கறுப்பு பீர் ஊத்துறோம். உங்க மீன் கொழம்புக்கா கோச்சுக்குவாரு?"

"சைவச் சாமியா இருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார் ஓட்டுநர்.

"வெள்ளிக்கிழமை நான் மீன் செய்யமாட்டேன்" என்றார் அக்கா, யாரும் கேட்காமலேயே.

"அது போதும்."

செயற்குழுக்காரர் அந்தச் சிவப்பு ஓட்டுத் துண்டைத் தானே தூக்கி வந்தார். "எங்க அம்மா போட்டது உள்ள போகட்டும்" என்றார். பா வயிற்றால் தவழ்ந்து தரைக்கு அடியில் போனார். நாங்கள் துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினோம். கிரானைட், மொசைக், சிவப்பு ஓடு. வேரின் இரண்டு பக்கமும் கல்லின்மேல் கல்லாக இரண்டு தூண்கள் எழுந்தன. கடைசி இடைவெளியில் உடைந்த ஓடுகளைச் செருகிச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அந்தச் சத்தம் சமையலறைக்குள் காலுக்கு அடியில் கேட்டது. தாம்பாளத்தில் மறுபடி தண்ணீர் நிரப்பி நான் வாசற்படிக்குப் போனேன்.

ரம்பம் வேரை அறுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லமுடியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் கோடுகள் வந்துகொண்டே இருந்தன. ஒருமுறை ஒரு பெரிய வட்டம் எழுந்தது. வெளியே "சூடா" என்று பா குரல் கொடுத்தார், ஆயிற்று என்று. வட்டம் விளிம்பைத் தொட்டுத் திரும்பி அடங்கியது. தண்ணீர் எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை.

"அப்படியே இருக்கு" என்றேன்.

அக்கா என்னை நகர்த்திவிட்டுத் தானே பார்த்தார். பிறகு வெளியே போனார்.

ஓட்டுநர் எங்கள் எல்லோரையும் திடலின் மறுகோடிக்குப் போகச் சொன்னார். புதிய இடத்தில் இருந்த சூலத்தின் பக்கத்தில் போய் நின்றோம். மிஷின் பின்னால் நகர்ந்தது. வடம் விறைத்தது. இந்த முறை அவர் விடாமல் இழுத்தார். சங்கிலிச் சக்கரத்தின் முன்பக்கம் தரையிலிருந்து எழுந்தது. ஒரு கணம் மரம் மிஷினைத் தூக்குவதுபோல இருந்தது. உயரமாக விட்டுவைத்த அடிமரம் எதற்கு என்று அப்போது புரிந்தது. அது நெம்புகோல்.

முதலில் சத்தம் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து, தடித்த துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல. பிறகு அடிமரம் சாய்ந்தது. சாயச் சாய, அதற்குப் பின்னால் தரை எழுந்தது. புல்லோடு, வேலியின் ஒரு கம்பத்தோடு. அக்காவின் சமையலறைச் சுவர் மறைந்தது. சன்னல் மறைந்தது. கூரை மறைந்தது. ஒரு வீட்டு அகலத்துக்கு மண்ணும் வேருமாக ஒரு சுவர் செங்குத்தாக நின்று வீட்டை மறைத்தது. சுற்றிப் போய் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். வேர்கள் ஒன்றையொன்று சுற்றி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்கமுடியவில்லை. நடுவில் ஒரு சைக்கிள் சக்கரம் மாட்டியிருந்தது. வேர் அதன் கம்பிகளுக்குள் புகுந்து தடித்து, சக்கரத்தை மரத்தின் ஒரு பாகமாகவே ஆக்கிவிட்டிருந்தது. ஒரு பச்சைப் புட்டி இருந்தது, உடையாமல். மண் கட்டிகட்டியாக விழுந்தது. அதன்பிறகு நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

யாரும் கைதட்டவில்லை. செயற்குழுக்காரர்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். சாமியையா மரத்தையா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அதன் வீட்டுப் பக்கக் கரையில், சாக்கடையை ஒட்டி, அறுபட்ட வேரின் முகம் தெரிந்தது. ஒரு கதவுப் பலகை அளவு. ஓட்டுநர் இறங்கி வந்து அதைத் தட்டினார். மரச்சத்தம்தான் வந்தது.

"நல்ல வேரு. அழுகல் இந்தப் பக்கம் வரவே இல்ல. ஆனா அக்கா, இதையே நம்பிடாதீங்க. சீக்கிரம் ஒழுங்கான ஆளை வச்சு ரெண்டு பைல் தூணு ஆழமா அடிச்சிருங்க."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"ஈரத்துல இருந்தா தாங்கும். காஞ்சு காஞ்சு நனைஞ்சாதான் மக்கும்."

அக்கா உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். தாம்பாளம் தரை நடுவில் அப்படியே இருந்தது. அக்கா கைப்பேசியை எடுத்து மகனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அவன் முகம் வந்ததும் கேமராவைத் திருப்பித் தட்டுக்கு மேலே பிடித்தார்.

"என்னம்மா இது? வெறும் தண்ணி."

"நல்லாப் பாரு."

"ஒண்ணும் ஆடலையே."

"அதான்."

அவன் பிறகு "மாமா?" என்றான்.

நான் உண்மையைச் சொன்னேன். தரை உடையவில்லை. ஆனால் அடியில் தூண் இல்லை. ஒருமுறை மேலே எழுந்து இறங்கியது. இப்போது அது ஒரு வேரின்மேலும் முனீஸ்வரர் மேடைக் கல்லின்மேலும் நிற்கிறது, பைல் அடிக்கவேண்டும். எதையும் விடவில்லை. அக்கா இடையில் குறுக்கிடவும் இல்லை.

"தவுக்கே நல்ல மனுஷன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன்" என்றார் அக்கா. "ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகவும், பைல் அடிக்கும்போது தானே கூட நின்று பார்ப்பதாகவும் அவன் சொன்னான். லோரியைப் பற்றிப் பேசவில்லை.

அழைப்பு முடிந்ததும் அக்கா குனிந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் பின்வாசல் வழியாக நடந்து, வேலி இருந்த இடத்தைக் கடந்து, பள்ளத்தின் கரையில் நின்று, அந்தத் தண்ணீரை அறுபட்ட வேரின் முகத்தில் மெதுவாக ஊற்றினார்.